அந்திவண்ணனின் ஓய்வு வயது

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

அந்திவண்ணன் மனிதர் அல்லர். வனத்தில் பிறந்த வில்லாளி. காது கூராக இருக்கும், இருட்டில் கண் தெரியும். பெட்டியில் விற்கிற ஒரு விளையாட்டில் அவர் ஒரு பாத்திரம். அதை விளையாட மைதானம் வேண்டாம், நாலு நாற்காலியும் ஒரு மேசையும் போதும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவைத் திறக்கிறேன், வாளை உருவுகிறேன் என்று வாயால் சொல்லிச் சொல்லியே இல்லாத ஒரு நாட்டுக்குள் நடந்து போவார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

பெட்டியைச் சௌரஸ்தா சந்தை மாடியில், பழைய புத்தகம் விற்கும் நூர் முகம்மதுவிடம் வாங்கி வந்தவன் தம்பு. ஒரு மூலையைக் கரையான் அரித்திருந்தது. விதிப்புத்தகத்தில் பாத்திரங்களுக்கு வயது கணக்கிடும் பக்கம் மட்டும் இல்லை. தம்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் ஆள் எப்போது பிறந்தான் என்று கேட்டவர்களிடம், இந்தத் தீவுக்கு முதல் கப்பல் வருவதற்கு முந்தி என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினான். அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டில் தம்பு இறந்தான். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், மழையில் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லாரிக்கு அடியில் போய்விட்டான். வயது இருபத்தொன்பது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு மாலை அவன் தங்கை புஷ்பராணி பாயான் பாருவிலிருந்து பஸ் பிடித்து மன்றத்துக்கு வந்தாள். அண்ணன் உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்திவண்ணனை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கதை நடத்தும் ஜெயராஜ், கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் படிப்பவன், பகடையை அவள் பக்கம் தள்ளினான். அதோடு ஆட்டம் தொடர்ந்தது.

மன்றம் என்றால் வடகடல் மனமகிழ் மன்றம். பர்மா சாலைக்குப் பின்னால் மழைமரங்களுக்கு நடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயிலும் கருவூலத்திலும் பேனா பிடித்தவர்கள் கட்டியது. அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவர்களுக்கு இன்னோர் அலுவலகம் தேவைப்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு. விதிப்புத்தகமும் அரசாங்க ஆணைகளைப் பார்த்து எழுதியதுதான். அதன்படி இளைஞர் பிரிவு ஐம்பத்தைந்து வயதில் முடிகிறது. அரசாங்கம் ஒருவனை வீட்டுக்கு அனுப்புகிற வயது அது என்பதால், அதுவரைக்கும் அவன் இளைஞன். ஐம்பத்தைந்து ஆனதும் மாலை போட்டு, பிரிவுபசாரம் நடத்தி, முன் விறாந்தையிலுள்ள மூத்தோர் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே சாய்வு நாற்காலி உண்டு, பத்திரிகை உண்டு. பகடையும் சீட்டும் கிடையாது. உள்ளறைக்குத் திரும்பி வரவும் முடியாது. முன்பொரு மூத்தவர் நல்ல சீட்டு விழுந்த சந்தோஷத்தில் மேசையிலேயே உயிரை விட்டுவிட்டார். அன்றிலிருந்து மூத்தோருக்குச் சந்தோஷம் தடை.

உள்ளறையில் ஞாயிறுதோறும் ஆட்டம் நடந்தது. தம்புவின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. ஆனால் அது வாரத்துக்கு வாரம் மேசையோடு கொஞ்சம் நெருங்கியிருக்கும். கூட்டித் துடைக்கிற வள்ளியம்மா நகர்த்துகிறாள் என்று இவர்கள் நம்பினார்கள். இவர்கள் நகர்த்துகிறார்கள் என்று வள்ளியம்மா நம்பினாள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாததால் இரு தரப்புக்கும் நிம்மதி.

ஒருமுறை பூட்டிய கதவொன்றின் முன் அந்திவண்ணன் நின்றபோது, உடைக்கிறேன் என்று சொல்லத்தான் புஷ்பராணி வாயெடுத்தாள். தட்டிவிட்டு நிற்கிறேன் என்று வந்தது. தம்பு அப்படித்தான், சொந்த வீட்டுக் கதவையே தட்டிவிட்டு நிற்கிறவன். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் பகடையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் யோசித்துச் சொல்வதை விட்டுவிட்டாள். அந்திவண்ணன் என்ன செய்கிறான் என்று ஜெயராஜ் கேட்டதும் கொஞ்சம் காது கொடுத்திருப்பாள். பிறகு சொல்வாள்.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை என்பதை மற்றவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். அண்ணன் இருபத்தொன்பதிலேயே நின்றுவிட்டான். ஒரு வயது இளையவள், அவனைத் தாண்டிப் போய்விட்டாள். வீட்டில் மாலை போட்ட படத்தில் இருப்பவன் இப்போது அவளுக்குத் தம்பி. அந்த ஒரு மேசையில் மட்டும்தான் அவனுக்கு நேற்றில்லாத ஒன்று இன்று நடந்தது. அந்திவண்ணனுக்குப் புதுக் காயம் வந்தது, புதுச் சிநேகிதம் வந்தது, ஞாயிறுக்கு ஞாயிறு வயது கூடியது.

இந்த நிலையில்தான் எண்பத்தெட்டாம் ஆண்டு மன்றத்தின் செயலாளர் கார்த்திகேசு உள்ளறை வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூடமொன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்திவண்ணன் முன்னால் வரட்டும் என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அறையில் அப்படி ஒரு முகம் அவருக்குத் தெரியவில்லை. மெம்பரா என்று கேட்டார்.

சுலைமானுக்கு நாக்கு சும்மா இருக்காது. "தம்புவோட ஆளு, அங்கிள். ரொம்ப நாளா வர்றாரு. கூச்ச சுபாவம் லா, அதான் உங்க முன்னால வரல," என்றான்.

கார்த்திகேசு சிரிக்கவில்லை. ஜெயராஜ் பயந்துபோய் அவரை உட்காரவைத்து, இது கற்பனை, இவர்கள் யாருக்கும் உடம்பு கிடையாது என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிவில், எல்லாம் சரி, வயது என்ன என்று கேட்டார். அது யாருக்கும் தெரியாது என்றான் ஜெயராஜ். அவன் சொல்லியிருக்கக் கூடாதது அந்த ஒன்றுதான். வயது தெரியாத ஒருவர் வருடக்கணக்காக இளைஞர் பிரிவில் இருந்து வருகிறார் என்பது அன்றோடு நிலைநாட்டப்பட்டுவிட்டது.

உடம்பே இல்லாதவருக்கு விதி எப்படிப் பொருந்தும் என்று ஜெயராஜ் கேட்டுப் பார்த்தான்.

"உடம்போட வரணும்னு விதியில எங்கயும் இல்ல, தம்பி," என்றார் கார்த்திகேசு. "அப்படி இருந்திருந்தா நம்ம கமிட்டி ஒரு தடவைகூட கூடியிருக்க முடியாது."

வயது நிர்ணய உபகுழு அமைந்தது. மன்றத் தலைவர் விநாசித்தம்பி, பல் வைத்தியர் கனகசுந்தரம், செயலாளர் ஆகிய மூவர். மேசையிலிருந்த எல்லாப் பாத்திரங்களும் வயதுக்கு ஆதாரத்தோடு ஆஜராக வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

முதலில் சுலைமானின் ஆள். இரும்பன் என்று பெயர், சுரங்கத்தில் வேலை செய்யும் குள்ளர். தாடியை ஆதாரமாக ஏற்க முடியாது, தாடி எவருக்கும் வளரும் என்றார் கனகசுந்தரம். பல்லைப் பார்க்காமல் தாம் கையெழுத்து வைத்ததில்லை என்றும் சொன்னார். ஆகவே ஜெயராஜ் இரும்பனின் வாயைத் திறந்த நிலையில் ஒரு படம் வரைந்து கொடுத்தான். வைத்தியர் தம் சின்னக் கண்ணாடியால் படத்தை மேலும் கீழும் பார்த்தார். தேய்மானத்தை வைத்துச் சொன்னால் அறுபது. ஆனால் தாதுக்கல்லைக் கடிக்கிற இனம் என்பதால் இருபது கழித்து நாற்பது. இடது கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறது, அடைக்க வேண்டும். சுலைமான் வருத்தத்தோடு அதை அடைத்துவிடச் சம்மதித்தான்.

அடுத்தது யோகலட்சுமியின் சூனியக்காரி. யோகலட்சுமி பள்ளி ஆசிரியை. பெண்களிடம் வயது கேட்பது இந்த மன்றத்தின் வழக்கமா என்று அவள் கேட்டதும் மூவரும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்கள். தோற்றத்தில் ஐம்பத்தைந்துக்குக் கீழ் என்று எழுதிக்கொண்டதோடு அது முடிந்தது.

அந்திவண்ணனின் விஷயம் அப்படிச் சுலபமாக முடியவில்லை. முதல் கப்பலுக்கு முந்தி என்றால் எந்தக் கப்பல், சரக்கா பயணிகளா என்று கார்த்திகேசு கேட்டார். எப்படிப் பார்த்தாலும் இருநூறு வருடத்துக்குக் குறையாது. பிறப்புச் சான்றிதழ் உண்டா என்றார்கள். காட்டில் பிறந்தவன் என்றாள் புஷ்பராணி. காட்டில் பிறந்தவர்களுக்கும் முறை உண்டு, பிரசவம் பார்த்தவளும் அக்கம்பக்கத்தவர் இருவரும் வந்து உறுதி சொல்ல வேண்டும் என்றார் விநாசித்தம்பி. அக்கம்பக்கத்தில் மரங்கள்தான் இருந்தன. மரங்கள் வைத்திருப்பது குடிமக்களின் நீல அடையாள அட்டையா, மற்றவர்களின் சிவப்பு அட்டையா என்று சுலைமான் கேட்டதற்காக அவனை அரை மணி நேரம் வெளியே நிற்கவைத்தார்கள்.

பிறகு முடிந்த வயதா நடக்கிற வயதா என்று ஒரு சச்சரவு வந்தது. அது தீருமுன் ஆபீஸ் வயதா ஜாதக வயதா என்று இன்னொன்று. மன்றத்தில் பலருக்கும் இரண்டு வயது உண்டு. ஒன்று அம்மாவுக்குத் தெரிந்தது, இன்னொன்று சில வருடம் குறைவாக அரசாங்கத்துக்குச் சொன்னது. வனவாசிகளும் கெட்டிக்காரர்களாக இருந்தால் நாலைந்து வருடம் குறைத்திருப்பார்கள் அல்லவா என்று கார்த்திகேசு இறங்கி வந்தார். இருநூறில் நாலைந்து குறைந்து பயனில்லை. ஜாதகம் பார்க்கவும் ஒருவரிடம் கொடுத்தார்கள். அந்த நாட்டில் இரண்டு சந்திரன் என்று அறிந்த சோதிடர், இரண்டாவது சந்திரனை எந்த வீட்டில் உட்காரவைப்பது என்று கேட்டு அனுப்பினார். அவருக்கு இன்னும் யாரும் பதில் போடவில்லை.

இருநூறு வயது என்பது அவர்கள் இனத்தில் நம் இருபது மாதிரி, அவர் இளைஞரே என்று ஜெயராஜ் வாதாடினான். வைத்தியருக்கு அது நியாயமாகப் பட்டது. தலைவருக்குப் படவில்லை. ஓய்வு வயது ஆளைப் பார்த்து வருவதில்லை, ஆண்டைப் பார்த்து வருவது என்றார்.

கார்த்திகேசு விளையாட்டின் விதிப்புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார். அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்த ஒரே மனிதர் இந்தத் தீவில் அவராகத்தான் இருக்கும். விளையாடுகிறவர்கள் யாரும் வாசித்ததில்லை. அடுத்த அமர்வில் ஒரு பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். பேயை நேருக்கு நேர் காண்கிற பாத்திரத்துக்கு அந்த அதிர்ச்சியில் பத்து வயது கூடிவிடும் என்று அங்கே இருந்தது. ஆகவே பிறந்த வருடம் மட்டும் போதாது, பேய்க் கணக்கும் வேண்டும். எத்தனை பேய் பார்த்திருக்கிறார், நேரில் பார்த்தாரா, சத்தம் மட்டும் கேட்டாரா என்று புஷ்பராணியிடம் கேட்டார்.

அண்ணன் இருந்தபோது ஒன்றிரண்டு என்றாள். அதன் பிறகு இல்லை.

அதன் பிறகு ஒன்றுகூட இல்லையா என்றார் கார்த்திகேசு.

"அதுக்கப்புறம் அவனுக்கு என்னத்துக்கு அங்கிள் பேய்?" என்றாள்.

கனகசுந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த விதி விளையாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் பொருந்துமா என்று கேட்டார். அவர் மனைவி போன பிறகு கிளினிக்கில் சில சாயங்காலம் நோயாளி நாற்காலி தானாகவே சாய்ந்துகொள்கிறதாம், யாரோ வாயைத் திறந்து காத்திருக்கிற மாதிரி. அது பேயா, ஸ்பிரிங் பழுதா என்று தெரியவில்லை. தெரியாததால் தமக்கு இப்போது எத்தனை வயது என்பதிலேயே சந்தேகம் இருக்கிறது என்றார். அது உபகுழுவின் அதிகாரத்துக்கு வெளியே என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். ஆனால் அன்று ஒருவரும் தேநீர் குடிக்க நிற்காமல் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வாரத்திலிருந்து புஷ்பராணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்திவண்ணன் என்ன செய்கிறான் என்று ஜெயராஜ் கேட்பான். அவள் காது கொடுத்திருப்பாள். பிறகு, அம்பு விடுகிறான், ஓடுகிறான் என்று எதையாவது சொல்வாள். எல்லாம் அவள் சொற்கள். நாற்காலியும் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் தலைவரை வீட்டில் போய்ப் பார்த்தாள். கேட்டது ஒன்றே ஒன்று, அந்திவண்ணனை உள்ளறையில் விட்டுவைக்க வேண்டும். முன் விறாந்தைக்குப் போனால் அங்கே பகடை இல்லை. பகடை இல்லாவிட்டால் அவனுக்கு இனி எதுவும் நடக்காது.

"அவன் அந்த மேசையில இருக்கிற வரைக்கும்தான் அங்கிள் அண்ணனுக்கு வயசு கூடும்," என்றாள்.

விநாசித்தம்பி அன்பான மனிதர். அவளுக்குப் பழரசம் கொடுக்கச் சொன்னார். "வயசு கூடுது எண்டுதானே பிள்ளை நாங்களும் சொல்லுறம்," என்றார்.

உபகுழு தன் முடிவைச் சொன்னது. அந்திவண்ணன், வயது சரியாகக் கணக்கிடப்படாத நிலையில், ஐம்பத்தைந்தைக் கடந்தவர். பிரிவுபசாரம் ஞாயிறு மாலை மூன்றரைக்கு.

மன்றத்தார் அதைக் குறைவில்லாமல் செய்தார்கள். பெரிய மண்டபத்தில் மேடைக்கு நடுவில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் செண்டு வைத்துக் கட்டிய மாலை. வடை, கறிபாப், தேநீர். மூத்தோர் பிரிவு முழுவதும் கோட்டுப் போட்டு வந்திருந்தது. படம் பிடிக்க ஷேக் அலாவுதீனைக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பது வருடமாக மன்றத்தின் பிரிவுபசாரங்களை அவர்தான் படம் பிடிக்கிறார். நாற்காலியின் இரு பக்கமும் எல்லாரையும் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"நடுவுல உக்காந்திருக்கிறவரு தலைய கொஞ்சம் தூக்கட்டும்," என்றார்.

வாய்ப்பழக்கம்தான். அவரைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு, "ஆ, போதும்," என்று திருப்தியாகப் படம் எடுத்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற வைத்தியர் அடுத்த படத்துக்கு மறு ஓரத்துக்குப் போய்விட்டார்.

பிறகு விநாசித்தம்பி எழுந்தார். ஓய்வு பெறுகிறவரைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத் தம்மைப் பற்றிப் பேசுவது தலைவர் உரையின் வழக்கம். அன்றும் அதை மீறவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம் பதிவு ஆபீசில நான் வயசு பாத்தனான்," என்றார். "ரப்பர்த் தோட்டத்தில இருந்து சனம் லாரியில வந்து இறங்கும். ஒருத்தரிட்டையும் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. நான் கையைப் பாப்பன், முகத்தைப் பாப்பன், எழுதிப் போடுவன். நாள் எல்லாருக்கும் ஜூலை முதலாந் தேதி. எழுத வசதி. ஒரு தோட்டம் முழுக்க ஒரே நாளில பிறந்தது, அரசாங்கம் ஒரு குறை சொல்லேல்ல."

கைதட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்தார்.

"ஒருக்கால் ஒரு தாய்க்கும் மகனுக்கும் ஒரே வயசை எழுதிப்போட்டன். அவசரம். திருத்தச் சொல்லி வந்தவை. மூண்டு தரம் வந்தவை. கையெழுத்து வைச்சதைத் திருத்தினா பிறகு கையெழுத்து எதுக்கு? அந்தப் பெடியனுக்கு வேலை கிடைக்கேல்ல எண்டு கேள்வி, வயசு கூடிப்போச்சாம். அதுக்கு நான் என்ன செய்யிறது? விதி எல்லாருக்கும் ஒண்டுதான். இண்டைக்கு அந்திவண்ணனுக்கும் அதுதான்."

மறுபடி கைதட்டல். தலைவர் உட்கார்ந்தார். கார்த்திகேசு எழுந்து, இப்போது ஏற்புரை என்றார்.

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. அந்த மன்றத்தில் ஏற்புரை இல்லாமல் எந்தப் பிரிவுபசாரமும் முடிந்ததில்லை. வாதம் வந்து பேச்சு இழந்த ஒருவர்கூட இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் விறாந்தைக்குப் போனார். ஏற்புரை முடியும்வரை கூட்டம் முடியாது. கூட்டம் முடியும்வரை தீர்மானம் நடப்புக்கு வராது. அதுவரை அவர் இளைஞர் பிரிவிலேயே இருக்கிறார். எல்லாரும் மாலை போட்ட நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தேநீர் ஆறியது.

கடைசியில் தலைவர் புஷ்பராணியைப் பார்த்து, அவருக்காக நீ இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடு பிள்ளை என்றார். அவள் எழுந்தாள். நன்றி என்று சொன்னால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நன்றி என்று சொன்னால் அந்திவண்ணனும் போய்விடுவான். அவள் காது கொடுத்து நின்றாள். ஓட்டில் மழை விழுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

ஜெயராஜ்தான் ஒன்று சொன்னான். அந்திவண்ணனுக்கு ஆட்டத்துக்குள் மட்டும்தான் பேசவரும், ஆட்டம் நடந்தால் அவர் பேசுவார். கார்த்திகேசு விதிப்புத்தகங்கள் இரண்டையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்து, ஆட்சேபணை இல்லை என்றார். உள்ளறை மேசையை மண்டபத்துக்குத் தூக்கி வந்தார்கள். மாலை போட்ட நாற்காலியை இறக்கி அதற்குப் பக்கத்தில் போட்டார்கள். பகடையைக் கண்ணால் கண்டு வருடக்கணக்கான மூத்தோர் பிரிவு, கோட்டைக் கழற்றாமல் சுற்றி வந்து நின்றது.

ஜெயராஜ் அன்றைய ஆட்டத்துக்கு ஒரு பாலத்தைத்தான் தயாரித்து வைத்திருந்தான். ஆற்றின் மேல் ஒரு கல் பாலம், அதில் ஒரு காவலாளி. ஏன் அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னான் என்று பிறகு கேட்டதற்கு, வாயில் வந்தது அதுதான் என்றான்.

"இடிஞ்சுபோன ஒரு கட்டடம்," என்றான். "உள்ளே நீளமா ஒரு ஹால். அதுல ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க. கால்ல செருப்பு இல்ல. கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ரொம்ப நாளா நிக்கிறாங்க போல. அவங்களுக்குப் பின்னால இருக்கிற சுவரு அவங்க வழியாவே தெரியுது."

பகடை உருண்டது. எல்லாருக்கும் பத்துப் பத்து வயது கூடியது. கார்த்திகேசு எழுதிக்கொள்ள மறந்துபோனார்.

"அந்திவண்ணன் என்ன செய்யிறான்?" என்றான் ஜெயராஜ்.

புஷ்பராணி பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து விநாசித்தம்பியின் குரல் வந்தது. அவர் எப்போது எழுந்து மேசைக்கு அருகில் வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

"அவைக்கு என்ன வயசெண்டு கேக்கச் சொல்லு பிள்ளை."

அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு பேசினாள். தாழ்ந்த குரல், வாக்கியத்தின் முடிவை விழுங்குகிற பேச்சு. தம்புவோடு பழகியவர்கள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கேட்டேன். தெரியாதாம். ஐயாவுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க. ஐயா வர்றவரைக்கும் நிக்கிறதா சொல்றாங்க."

விநாசித்தம்பி பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தேடிக் கையை நீட்டினார். கனகசுந்தரம் ஒன்றை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, மேசையின் நடுவில் ஒன்றுமில்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை நீளமா என்று கேட்டார். நீளம்தான் என்றாள் புஷ்பராணி. இப்போது அது அவளுடைய குரல். ஒரு தாயும் மகனும் அதில் நிற்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஏற்புரை அன்றைக்கு நடக்கவில்லை. கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தொடர்கிறது என்று கார்த்திகேசு அறிவித்தார். அடுத்த ஞாயிறும் தொடர்ந்தது. மேசையை யாரும் உள்ளறைக்குத் திருப்பி எடுத்துப் போகவில்லை. மூத்தோர் பிரிவு சாப்பாடு முடிந்த கையோடு வந்து இடம் பிடித்துவிடும். விநாசித்தம்பி மட்டும் முதல் ஆளாக வந்து, வரிசை இன்னும் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார். அவருக்கு ஆபீஸ் வயது எழுபத்தொன்று. பார்த்தால் அப்படித் தெரியவில்லை, நூறு சொல்லலாம்.

ஆட்டம் தொடங்குமுன் கார்த்திகேசு எழுந்து நின்று முறைப்படி கேட்பார், அந்திவண்ணன் ஏற்புரை வழங்கத் தயாராக இருக்கிறாரா என்று.

புஷ்பராணி காது கொடுத்துக் கேட்பாள். சில நாளில் லேசாகச் சிரிப்பு வரும் அவளுக்கு.

"இப்ப இல்லையாம், அங்கிள்," என்பாள். பகடையைக் கையில் எடுத்துக்கொள்வாள்.